யாழ்ப்பாணத்துக்கு மேலால் ஒரு கோடு

பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். அடிமட்டத்தின் ஒரு முனையைக் கட்டுநாயக்காவிலும் மறு முனையைச் சென்னை மீனம்பாக்கத்திலும் வைத்து ஒரு கோடு கிழியுங்கள். அது புத்தளத்துக்குச் சற்றுக் கிழக்கால் ஏறி, வில்பத்துக் காட்டைக் கடந்து, மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடலைத் தொட்டு, இரணைதீவைத் தாண்டி, யாழ்ப்பாண நகரத்துக்கு மேலால் போகும். கீரிமலைப் பக்கம் கரையை விட்டு, பாக்கு நீரிணையைக் கடந்து, நாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் கிழக்கே கடலோடு கடலாக நகர்ந்து, கல்பாக்கத்துப் பக்கம் கரையேறி மீனம்பாக்கத்தில் முடியும். மொத்தம் ஏறத்தாழ 644 கிலோமீற்றர். அதில் 275ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது யாழ்ப்பாணம்.

விமானிகள் இந்தக் கோட்டை அச்சொட்டாகப் பிடித்துப் போவதில்லை. வகுத்து வைத்த வான்பாதைகள் உண்டு. கொழும்புக் கட்டுப்பாட்டிலிருந்து சென்னைக் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும் எல்லை உண்டு. அதனால் பாதை அப்படி இப்படி விலகும். ஆனாலும் இந்தக் கோடு ஒரு உண்மையைச் சொல்கிறது. 2019 ஒக்ரோபர் வரை சென்னைக்குப் போக நினைத்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று பொழுதுபட பஸ் ஏறி, இரவு முழுவதும் நானூறு கிலோமீற்றரளவு தெற்கே வந்து, வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ குளித்துச் சாப்பிட்டு, கட்டுநாயக்காவுக்குப் போய், மூன்று மணித்தியாலம் காத்திருந்து விமானம் ஏறியது. ஏறிய அரை மணித்தியாலத்துக்குள், முதல் நாள் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குப் பக்கத்து வானத்தில் அது இருந்தது. முப்பதாயிரம் அடிக்கு மேலே.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று யாரும் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிடலாம். தூரத்துக்கு வருகிற விடை சரி. நேரத்துக்கு வருகிற விடையை இந்த ஊர்க்காரர் எவரும் முழுசாக நம்பக்கூடாது. ஏன் என்பதைக் கல்கிசையிலிருந்து சொல்வதுதான் பொருத்தம். இங்கிருந்து காலி வீதியால் சில நிமிடத் தூரத்தில் இரத்மலானை விமான நிலையம் இருக்கிறது. இலங்கைத் தமிழருடைய பறப்புக் கதை தொடங்கியதும் அறுந்ததும் அந்த ஓடுபாதையில்தான்.

ஒரே நேர்கோட்டில் நான்கு நிலையங்கள்

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். பறப்புத் தூரம் என்று நாம் காணும் எண், உருண்டைப் பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இரு இடத்து அகலாங்கும் நெட்டாங்கும் பூமியின் ஆரையான 6,371 கிலோமீற்றரும் தெரிந்தால் கணிதம் அதைக் கொடுத்துவிடும். எங்கள் நிலையங்களுக்கு அந்தச் சூத்திரமும் வேண்டியதில்லை. இரத்மலானை, கட்டுநாயக்கா, யாழ்ப்பாணத்துப் பலாலி, மீனம்பாக்கம் ஆகிய நான்கும் 79.9 பாகை முதல் 80.2 பாகை வரையான நெட்டாங்குக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக, தெற்கு வடக்காக அடுக்கி வைத்தமாதிரி. ஆகவே அகலாங்கின் வித்தியாசத்தை எடுத்து, பாகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர் என்று பெருக்கினால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு.

இரத்மலானையிலிருந்து பலாலி ஏறத்தாழ 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து மீனம்பாக்கம் 354. வடமேற்கே சரிந்து கிடக்கும் திருச்சி, பலாலியிலிருந்து 184 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சி எவ்வளவு கிட்ட என்பதை எங்களில் பலர் மனத்தில் வாங்கிக்கொண்டதேயில்லை. கொழும்பு அதைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு தூரம்.

வானத்தில் அளப்பது கடல் மைலால். அகலாங்கின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீற்றர். தெற்கு வடக்காகப் பறக்கிற எங்கள் பாதைகளில் அதன் வசதி நன்றாகத் தெரியும். இரத்மலானைக்கும் பலாலிக்கும் அகலாங்கில் கிட்டத்தட்ட மூன்று பாகை வித்தியாசம். கடல் மைலும் 180ஐ ஒட்டித்தான் வருகிறது.

நாற்பத்தெட்டு நிமிடம் ஏன் எண்பதாகிறது

இனி நேரம். ஜெற் விமானம் மணிக்கு 800 கிலோமீற்றருக்குக் குறையாமல் பறக்கும். 644 கிலோமீற்றரை 800ஆல் பிரித்தால் 48 நிமிடம். ஆனால் கொழும்பு–சென்னைப் பயணத்துக்கு அட்டவணையில் போட்டிருப்பது ஒரு மணித்தியாலம் இருபது நிமிடமளவு. மிச்சம் முப்பது நிமிடம் எங்கே போகிறது?

அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுபக்கத்தில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் கணம் வரைக்கும் அது. ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவது அதில் அடக்கம். முன்னுக்கு நிற்கிற விமானத்துக்கு வழிவிட்டுக் காத்திருப்பதும் அடக்கம். அதற்குப் பிறகு காற்று. கட்டுநாயக்காவின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. காற்றை எதிர்த்து எழும்புவதும் இறங்குவதும்தான் விமானத்துக்குப் பத்திரம். வைகாசியில் தென்மேற்குக் காற்று வலுத்தால், வடக்கே போக வேண்டிய சென்னை விமானம் முதலில் தென்மேற்கே கடலை நோக்கி ஓடி எழும்பி, அங்கே வளைந்துதான் வடக்குக்குத் திரும்பும். யன்னல் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்: கடல் தெரியும், இறக்கை சரியும், நீர்கொழும்பு வள்ளங்கள் ஒருமுறை சுற்றி வரும், அதற்குப் பிறகுதான் கரை வலப்பக்கத்துக்கு வந்து நேராகும்.

மேலே ஏறிய பிறகும் முழு வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். பறக்கும் உயரத்தை எட்ட இருநூறு கிலோமீற்றரளவு வேண்டும். அதற்குள் மன்னார் வந்துவிடும். முப்பத்தையாயிரம் அடியிலிருந்து ஒழுங்காக இறங்குவதற்கும் ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் வேண்டும். அதாவது சீர்காழிக்கு நேரே கடலில் இருக்கும்போதே சென்னைக்கான இறக்கம் தொடங்கியாக வேண்டும். 644இல் மட்டமாகப் பறப்பது மன்னாருக்கும் சீர்காழிக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும். பணிப்பெண்கள் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்த கையோடு திருப்பி வாங்க ஓடி வருவது இதனால்தான்.

இதை விளங்கிக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும். பலாலி–சென்னை 354 கிலோமீற்றர், கொழும்பு–சென்னையில் பாதிக்குச் சற்றுக் கூட. ஆனால் அதற்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் அட்டவணையில் இருக்கிறது. அங்கே பறப்பது இரட்டை விசிறி கொண்ட ஏ.ரி.ஆர். 72, மணிக்கு 500 கிலோமீற்றர் அதன் வேகம். ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் எந்தப் பயணத்துக்கும் பொது. குறுகிய பயணத்தில் அந்தப் பொதுச் செலவு நேரத்தில் பாதியைத் தின்றுவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டதால் வானத்தில் மிச்சமானது ஐந்து பத்து நிமிடம். தரையில் மிச்சமானது ஒரு முழு இரவும் ஒரு பகலும்.

இரத்மலானை

1935 நவம்பர் 27. சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக இருந்த டின்டேல் பிஸ்கோ, புஸ் மொத் வகைச் சிறு விமானம் ஒன்றை இரத்மலானையில் இறக்கினார். அந்த நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அது. வந்த திசை சென்னை என்பதைக் கவனியுங்கள். 1938இல் டாட்டா விமானச் சேவை, கராச்சியிலிருந்து பம்பாய், சென்னை, திருச்சி வழியாக நீண்ட தபால் பாதையை இரத்மலானை வரை இழுத்து வந்தது. இலங்கையின் விமானப் போக்குவரத்து தமிழ்நாட்டுத் திசையைப் பார்த்தபடிதான் கண் திறந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம், எயார் சிலோன் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. விமானம் டிசி-3 டகோட்டா. பெயர் சீதா தேவி. பாதை: இரத்மலானை, அப்போது காங்கேசன்துறை என்று குறிக்கப்பட்ட பலாலி, பிறகு சென்னை.

அந்தப் பாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஒரு நாடு தன் விமானச் சேவையைத் தொடங்க எத்தனையோ திசை இருந்தது. அவர்கள் எடுத்த முதல் திசை வடக்கு. அதிலும் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் பறக்காமல் அங்கே இறங்கிப் போகிற பாதை. டகோட்டாவின் வேகம் மணிக்கு 270 கிலோமீற்றரளவு. கணக்குப் போட்டால் இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணித்தியாலம், அங்கிருந்து சென்னைக்கு இன்னொரு ஒன்றேகால் ஒன்றரை மணித்தியாலம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் காலையில் கல்கிசையில் தேநீர் குடித்தவர் சென்னையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கும் சேவை இருந்தது.

விமானம் வசதியானவர்களுக்கு. மற்றவர்களுக்கு 1914 முதல் போட் மெயில் இருந்தது: கொழும்பிலிருந்து றெயிலில் தலைமன்னார், கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி றெயிலில் சென்னை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றே போனது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் ஒரு பகற்பொழுதுக்குள் கட்டி வைத்திருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதியில் சர்வதேச விமானங்கள் கட்டுநாயக்காவுக்குப் பெயர்ந்தன. இரத்மலானை உள்ளூர்ச் சேவைக்கென்று ஆனது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற எயார் சிலோன் அவ்ரோ விமானத்தில் குண்டு வெடித்தது. உயிர்ச் சேதம் இல்லை. மறு ஆண்டு எயார் சிலோனும் மூடப்பட்டது. பாதை அறுந்த கதையின் முதல் அத்தியாயம் அது.

330 கிலோமீற்றருக்கு எத்தனை நாள்

1990இல் வடக்கு றெயில் நின்றது. ஏ9 வீதி மூடியது. பலாலியைச் சுற்றி இருந்த ஊர்கள் வெளியேற்றப்பட்டன. வயாவிளான், மயிலிட்டி, தையிட்டி மக்கள் தம் வளவுகளுக்கு மேலால் விமானம் ஏறி இறங்குவதை முகாம்களிலிருந்தும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலிருந்தும் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு தனியார் விமானங்கள் இரத்மலானை–பலாலி ஓடத் தொடங்கின. தூரம் அதே 330 கிலோமீற்றர். பறப்பு நேரமும் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தை அடையப் பட்ட பாடு இருக்கிறதே! பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வர வேண்டும். அனுமதிக்கு அடையாள அட்டைப் பிரதி, போகிற காரணம், திரும்புகிற திகதி எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தைக் காலி வீதியில் ரிக்கற் விற்ற முகவர் நிலையங்களின் வாசலில் பெயர் வந்துவிட்டதா என்று கேட்டு நிற்க வேண்டும். பெயர் வந்தால் விடிய முன்னரே பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள். பொதி முழுவதையும் மேசையில் கொட்டிச் சோதிப்பார்கள். பலாலியில் இறங்கினால் மறுபடி சோதனை, மறுபடி பஸ், உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே வந்தால்தான் யாழ்ப்பாணக் காற்று. செத்த வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் எட்டுச் செலவுக்குக்கூடப் போய்ச் சேர முடியாமல் அந்தியேட்டிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் எடுத்த நேரம் ஒரு மணித்தியாலம். பயணம் எடுத்த நேரம் முப்பது நாள். இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுத ஒருவராலும் முடியாது.

1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து நண்பகலுக்குப் பிறகு இரத்மலானைக்குப் புறப்பட்டது லயன் எயார் நிறுவனத்தின் 602ஆம் இலக்கப் பறப்பு. அன்ரனோவ் 24 வகை விமானம். 48 பயணிகள், 7 ஊழியர்கள். புறப்பட்டுப் பத்து நிமிடமளவில் தொடர்பு அறுந்தது. மன்னார்க் கடலுக்கு மேலே மறைந்துபோனது. விடுதலைப் புலிகள் ஏவிய ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டதாகப் பின்னாளில் விசாரணைகள் கூறின. சிதைவுகள் கடலின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல், இரணைதீவுக்கு அருகே. கடலிலிருந்து எடுத்த ஆடைகளையும் பொருள்களையும் 2014இல் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைத்தார்கள். பதினைந்து ஆண்டு தண்ணீரில் கிடந்த ஒரு சட்டைத் துணியை, ஒரு சேலைக் கரையைப் பார்த்து இது எங்கள் ஆள் என்று சொல்வதற்கு மனிதர்கள் வரிசையில் நின்றார்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் கிழித்த கோடு இரணைதீவைத் தாண்டிப் போகிறது என்று எழுதினேன். அந்த ஐம்பத்தைந்து பேருடைய கல்லறை அந்தக் கோட்டின் அடியில் இருக்கிறது. பிணங்கள் கிடைக்காத வீடுகளில் செப்டெம்பர் 29 இன்றைக்கும் திவச நாள். கல்கிசையில், வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் இப்படியான வீடுகள் இருக்கின்றன. இரத்மலானைப் பாதையைப் பற்றிப் பேசுகிற எவரும் அவர்களைக் கடந்து பேசக்கூடாது.

2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. கடைசிப் போர் ஆண்டுகளில் திருகோணமலையிலிருந்து கப்பல், இரத்மலானையிலிருந்து விமானம் என்று மறுபடி அனுமதி வரிசை. 2009க்குப் பிறகு வீதி திறந்தது. 2014 ஒக்ரோபரில் றெயில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது.

மணிக்கூடும் மாறியது

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரியாது. 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைப் பின்வாங்கியது. 2006 ஏப்ரல் வரை நாங்கள் இந்தியாவுக்கு அரை மணித்தியாலம் முன்னே இருந்தோம். அந்தப் பத்தாண்டும் கொழும்பில் விமானம் ஏறியவர் தன் கைக்கடிகாரப்படி அல்லாமல் சென்னைச் சுவர்க் கடிகாரப்படி ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். ஒரே நெட்டாங்கில் இருக்கிற இரண்டு ஊருக்கு இரண்டு நேரம்.

வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்திருந்தது. ஏ9 திறந்திருந்த நாட்களில் ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் பின்னே, முகமாலையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் முன்னே. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒரே நாட்டுக்குள் இரண்டு முறை நேரம் மாறியது. எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்பதை மணிக்கூடு காட்டிக் கொடுத்தது.

இன்றைய கணக்கு

2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. பெயர்ப்பலகையில் முதலில் தமிழ். அலையன்ஸ் எயாரின் விமானம் சென்னையிலிருந்து வந்து இறங்கியது. நவம்பரில் வழக்கமான சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12இல் மறுபடி பறந்தது. 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இண்டிகோ சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் வந்தது. கடலில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, விட்டு விட்டு ஓடுகிறது. அறுந்த நூலை வடக்கு முனையில் கட்டியாகிவிட்டது.

கல்கிசையிலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கு இன்னும் கட்டுநாயக்காதான். இங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீற்றரளவு. பேலியகொடையிலிருந்து விமான நிலையம் வரை 2013இல் திறந்த அதிவேக வீதி 25.8 கிலோமீற்றர், அதை இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். பேலியகொடைக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. தெஹிவளைச் சந்தி, வெள்ளவத்தைச் சந்தை, பம்பலப்பிட்டி என்று காலி வீதி ஒவ்வோர் இடமாகப் பிடித்து நிறுத்தும். மரீன் டிரைவால் போனாலும் கோட்டைப் பக்கம் போய் மாட்ட வேண்டியதுதான். கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்த ஒரு விஷயத்தில் பெரிய சலுகை: பேலியகொடை அவர்களுக்குப் பக்கத்து ஊர். விடியற்காலை விமானத்தை எங்கள் பக்கத்து ஆட்கள் விரும்பி எடுப்பது வீதி வெறிச்சோடிக் கிடக்கும் என்பதால். மூன்று மணிக்கு ஒழுங்கைகளில் வான்கள் நிற்கும். வாசலில் தூக்குத் தராசோடு ஒருவர் பொதியை நிறுப்பார். முறுக்குத் தகரத்தை வெளியே எடுப்பதா, பிள்ளையின் சப்பாத்தை எடுப்பதா என்று கடைசி நிமிட வழக்கு நடக்கும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கெடுங்கள். வீதிக்கு ஒன்றரை மணித்தியாலம். நிலையத்தில் மூன்று. பறப்பு ஒன்றேகால், ஒன்றரை. மீனம்பாக்கத்தில் குடிவரவும் பொதியும் ஒன்று. அங்கிருந்து தியாகராய நகர் அரை, முக்கால். ஏழரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். விடியற்காலை ஐந்து மணியை அண்டிக் கல்கிசை ஸ்ரேஷனிலிருந்து புறப்படும் நகர்சேர் கடுகதியில் ஏறினால் யாழ்ப்பாணத்தை அடையவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். தூரத்தில் யாழ்ப்பாணம் பாதி. நேரத்தில் சென்னையும் யாழ்ப்பாணமும் ஒன்று.

அதுவும் றெயில் ஓடுகிற நாளில். 2023இலும் 2024இலும் பாதை திருத்த வேலைக்காக வடக்கு றெயில் மாதக்கணக்கில் நின்றது. அப்போது எல்லாரும் வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் சொகுசு பஸ்களை நம்பினார்கள்.

லண்டன், ரொறன்ரோ உறவுகள் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறார்கள். கொழும்பிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் போகும்போது 11 மணித்தியாலமளவு, வரும்போது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்காற்று தள்ளிவிடுவதால் அதைவிடக் குறைவு. ரொறன்ரோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். வளைகுடாவில் எங்காவது இறங்கி மாற வேண்டும். 2019 பெப்ரவரியில் பாகிஸ்தானும் 2022இல் உக்ரைனும் வான்வெளியை மூடியபோது உலகத்து விமானங்கள் சுற்றிப் போக வேண்டி வந்தது. வரைபடத்துத் தூரத்தை மாற்றாமல் பயணத்தை மட்டும் நீட்டிவிடுகிறது போர். எங்களுக்கு அது புதிய பாடமில்லை.

அந்த உறவுகளின் குறை ஒன்று உண்டு. கோயில் திருவிழாக் காலத்தில் அதைக் கேட்காத வீடு இல்லை. லண்டனிலிருந்து பறந்து வருவது சுகம். கட்டுநாயக்காவிலிருந்து நல்லூருக்குப் போகும் மிச்ச எட்டு மணித்தியாலம்தான் வயதான பெற்றோரை முறித்துப் போடுகிறது.

இனி வேண்டியது

இரத்மலானை உயிரோடுதான் இருக்கிறது. 2022 மார்ச் 27இல் மாலைதீவிலிருந்து ஒரு விமானம் வந்து இறங்கி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதை மறுபடி சர்வதேச நிலையமாக்கியது. கடல் பக்கத்தால் இறங்கும் விமானம் காலி வீதிக்கு மேலால் தாழப் பறந்து வரும்போது பஸ்ஸில் நிற்பவர்கள் இன்றைக்கும் குனிந்து பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கும் இங்கிருந்து சிறு விமானங்கள் பறந்திருக்கின்றன. ஆனால் சாதாரணக் குடும்பம் ஒன்று, பஸ்ஸை நம்புவதுபோல நம்பித் திகதி குறிக்கக்கூடிய சேவையாக அது வளரவில்லை. பன்னிரண்டு பேர் இருபது பேர் ஏறும் விமானத்தில் கட்டணம் இறங்காது.

என் கருத்து இதுதான்: 1947இல் சீதா தேவி போன பாதையின் வடக்குப் பாதியைத் திருத்தியாயிற்று, தெற்குப் பாதியையும் திருத்த வேண்டும். இரத்மலானையின் ஓடுபாதை 1,800 மீற்றருக்கு மேல். பலாலியின் பழைய ஓடுபாதை 2,300 மீற்றரளவு. அதில் 1,400 மீற்றரைத் திருத்தி 2019இல் சேவைக்கு விட்டார்கள். இண்டிகோவின் 78 இருக்கை ஏ.ரி.ஆர். இறங்குவதற்கு அதுவே போதுமாக இருக்கிறது. அதே வகை விமானம் இரத்மலானைக்கும் வரலாம். 330 கிலோமீற்றரை அது ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும். காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒரு விமானம் என்றால், வலிகாமத்திலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்கு வருகிற ஒருவர் இரவு முழுவதும் பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டியதில்லை. இரத்மலானையிலிருந்து மகரகம அரை மணித்தியாலப் பாதை. களுபோவிலை வைத்தியசாலை அதைவிடக் கிட்ட. கட்டுநாயக்காவில் இறக்கினால் அந்த வசதி இல்லை.

கட்டணம் கட்டுப்படியாகாது என்பது வழக்கமாக வரும் பதில். இந்தியாவில் 2017இல் உடான் திட்டத்தின் முதல் விமானம் பறந்தபோது, ஒரு மணித்தியாலப் பறப்புக்குப் பாதி இருக்கைகளை 2,500 இந்திய ரூபாய்க்குள் விற்க வேண்டும் என்று வரம்பு வைத்து, விமான நிறுவனத்துக்கு ஏற்படும் குறையை அரசு ஈடு செய்தது. சேலத்துக்கும் சென்னைக்கும் 2018இல் அப்படித்தான் விமானம் ஓடத் தொடங்கியது. இலங்கை அரசு றெயிலை நட்டத்தில் ஓட்டுகிறது. ஓட்டத்தான் வேண்டும், அது மக்கள் சேவை. அதே நியாயத்தில், இரத்மலானை–பலாலி விமானத்தில் பாதி இருக்கைகளுக்கு ஒரு கட்டண வரம்பு, அதில் நோயாளிக்கும் கூட வருகிறவருக்கும் முதல் உரிமை, இரு நிலையத்திலும் இறங்கு கட்டணத்தில் சில ஆண்டுக்கு விலக்கு. இவற்றை எழுதி வரவு செலவுத் திட்டத்தில் வைக்க வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கொழும்புத் தமிழ்ப் பிரதிநிதிகளும் ஒன்றாக நின்று கேட்க வேண்டும். கேட்பதற்கு இது சரியான நேரம்: பலாலியின் விரிவாக்கம் பேசப்படும்போதே இரத்மலானையையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டால், திருச்சியிலிருந்து பலாலிக்கு வருகிறவர் இறங்கி, அடுத்த விமானத்தில் ஏறி, காலி வீதிக்கு வந்துவிடலாம்.